சேமக்காலை மதில்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தொடர்பு விட்டுப்போனது. ஆனாலும் ஊர்காவற்றுறையில் மூன்று இயந்திரப் படகு, சண்டைக்கு இடம்பெயர்ந்து திரும்பியபோது கூரையில்லாமல் கிடந்த வீட்டுக்கு மேல்மாடி, கடற்கரையில் மாதா சுரூபத்துக்குக் குகைபோல ஒரு கெபி, செத்தவர்களை அடக்கும் சேமக்காலையைச் சுற்றி ஆளுக்கு மேல் உயர்ந்த மதில், எல்லாம் என் உழைப்பில் வந்தவை. மதிலில் என் பெயரோடு உபயக்கல் இருக்கிறது. போனால் பார்க்கலாம். அதற்குள்தான் என் மனைவியை அடக்கம் செய்தோம்.

இந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். படகு கட்டுகிற துறையில் வந்த வாய்த்தர்க்கத்தால் தம்பியோடு ஏழு வருடமாகப் பேச்சில்லை. அண்ணியின் அடக்கத்துக்குக்கூட வராத கல்நெஞ்சன் என்று தொடங்கி, அவனுடைய குணம் முழுவதையும் கோயில் சுவாமியிடம் சொல்லி முடித்தேன். சின்ன வயதுச் சுவாமி. பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, தம்பியின்ர பாவமெல்லாம் சொல்லிப்போட்டியள். உங்கட பாவம் எங்க?"

தேடிப்பார்த்து, மறுபடியும் தம்பியில்தான் தொடங்கினேன். தன்னையே தெரியாதவனுக்கு மற்றவனில் அன்பு வைக்க ஏலாது, போய் உங்களையே ஒருக்கால் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். சிறுவயது முதல் அந்தப் பலகையில் முழங்கால் தேய்த்தவனுக்கு இப்படியொரு சொல். எழுந்தேன்.

கோபத்தோடு நேரே கடற்கரையில் தம்பியின் மீன்வாடிக்குப் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. அண்ணியை அடக்கிய அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"வந்தனான் அண்ணை. மதிலுக்கு வெளியில நிண்டனான். 'செத்த வீடெண்டாலும் என்ர வாசல் மிதிக்காதை' எண்டு துறையில வைச்சுச் சொன்னனீங்கள். அந்த மதிலும் உங்கடதானே. எட்டிப் பாத்தனான், எட்டேல்லை."

நான் சொன்னதுதான். ஒரு சொல் பிசகாமல் அப்போதுதான் நினைவு வந்தது. துறை நிறைய ஆட்கள் நிற்கச் சொன்னதை எப்படி மறந்தேன்? வரவில்லை, வரவில்லை என்று இத்தனை காலமும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே. அவன் எழும்பித் தேத்தண்ணி ஊற்றித் தந்தான். வாங்கிக் குடித்தேன்.

பெருநாளுக்குக் கோயிலில் சிறப்பு மலர் அச்சடிக்கிறார்கள். மதில் என் உபயம் என்று எழுதப்போகிறார்களாம். எழுதட்டும். அதற்கு வெளியே என் தம்பியை நிறுத்திவைத்ததும் நான்தான் என்று கீழேயே எழுத வேண்டும். அந்த வேலையில் வேறு ஒருவருக்கும் பங்கில்லை.