பெயர் மாறிய மன்றாட்டு

மனு கொடுத்தால் ஒப்புகை தர வேண்டும். குறித்த காலத்துக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்றாவது எழுத வேண்டும். இதுதான் விதி. திருமயம் தாலுகா அலுவலகத்தில் இருந்தவரை இதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவன் நான். என் மகன் சேவியர் வளைகுடாவில் காணாமல் போனபோது, அந்த விதியும் கூடவே காணாமல் போனது.

கிறிஸ்துமஸுக்குப் பேசினான். பிறகு போன் அணைந்தே கிடந்தது. வேலையை விட்டு ஓடிவிட்டான் என்றது கம்பெனி. தூதரகத்துக்கு மனு, நினைவூட்டல், மேல்முறையீடு என எல்லாம் முறைப்படி அனுப்பினேன். ஒப்புகைகூட வரவில்லை. மனைவி ரோஸி சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் செபிப்பதை நிறுத்திவிட்டேன். மேலிடத்திலும் கோப்பு கிடப்பில்தான் என்று தோன்றியது.

தவக்காலத்தில் எங்கள் தேவாலயப் பங்கு மக்கள் வேன் பிடித்து, மாவட்டத்தின் பழைய கோவில்களைப் பார்க்கக் கிளம்பினார்கள். ரோஸிக்காகப் போனேன். கடைசியாக ஆவூர். அந்தக் காலக் குருக்களின் கல்லறைகளை எல்லோரும் படம் எடுத்தார்கள். என் மகனுக்குக் கல்லறையாவது இருக்குமா என்று நான் நின்றேன்.

பூசையில் பெயர் சொல்லி மன்றாட, ரோஸி கையிலிருந்த மகனின் பாஸ்போர்ட் நகலைச் சாமியாரிடம் கொடுத்தாள். அவர் முதல் வரியைப் படித்தார்.

"காணாமப் போன நம்ம சகோதரர் அருளப்பனுக்காக மன்றாடுவோம்."

அருளப்பன் நான்தான். நம் ஊரில் இனிஷியலாக ஒதுங்கி நிற்கும் தகப்பன் பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகி முதல் வரியில் ஏறிவிடும்.

"சாமி தப்பாப் படிக்கிறாரு. போய்த் திருத்தச் சொல்லு."

"சும்மா இருங்க. ஒங்களுக்கும் யாராச்சும் வேண்ட வேணாமா? கோவிலுக்குள்ள வந்துமா தப்புக் கண்டுபிடிப்பீங்க?"

வேன் அன்னவாசல் தாண்டும்போதுதான் உறைத்தது. வளைகுடாவிலும் அவன் பெயரை இப்படித்தானே படித்திருப்பார்கள்? நான் எல்லா மனுவிலும் 'அ. சேவியர்' என்றே எழுதியிருந்தேன். வீடு வந்ததும், 'அருளப்பன்' என்ற பெயரில் ஆஸ்பத்திரிகளில் தேடச் சொல்லி மறுபடி எழுதினேன்.

விபத்தில் அடிபட்டு, வாய் திறந்து பெயர் சொல்ல முடியாமல், பையிலிருந்த பாஸ்போர்ட் நகலின்படி என் பெயரில் அவன் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தான்.

இப்போது வீட்டில் இருக்கிறான். ஒரு கால் இல்லை. பேச்சு பாதிதான். இதை அற்புதம் என்று முழங்க எனக்கு வராது. ஆனால் நான் திருத்தச் சொன்ன செபத்தை ஆண்டவர் திருத்தாமலே ஏற்றுக்கொண்டார். தினமும் அவனைத் தூக்கி உட்காரவைத்து, மூவருமாகச் செபிக்கிறோம். அன்பானவர்களே, உங்கள் வேண்டுதலும் எங்கோ கிடப்பதாகத் தோன்றலாம். விட்டுவிடாதீர்கள். சொல் தவறினாலும் கேட்கிறவர் தவறமாட்டார்.

எனக்கு வந்த பதில் ஒரே வரி: "நோயாளி அருளப்பன் உயிருடன் உள்ளார்."

வந்த நாள், ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன்.