அலையும் காற்றும் மட்டும்

பாறைத் தீவொன்றின் கலங்கரை விளக்கத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர், ஓய்வு பெற்ற பிறகு ஒரு கவிதை எழுதினார். அது பத்திரிகையில் வந்த அன்று அவர் மனைவி தையல் கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி அதை வாசித்தார்.

அடேயப்பா, அதில் என்னதான் இல்லை! கரும்பாறை, அதில் மோதி உடையும் அலை, உப்புக்காற்று, முட்டையிட வரும் கடற்பறவை, பிளவில் ஒட்டிக்கிடந்த பாசி. பாசிக்கே நான்கு வரி! கடைசியில், 'எனக்குத் துணை அலையும் காற்றும் மட்டும்' என்று முடித்திருந்தார். பாவம் மனுஷன், தன்னந்தனியாக என்ன பாடுபட்டாரோ என்று மாஸ்டர் உச்சுக் கொட்டினார். அவளும் தலையை ஆட்டி வைத்தாள்.

ஆட்டினாளே தவிர, அந்த 'மட்டும்' அவளுக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமான கையோடு அந்தப் பாறைக்குப் போனவள் அவள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, ஈர விறகோடு மல்லுக்கட்டி, அவர் காய்ச்சலில் கிடந்தபோது விளக்கையும் ஏற்றியவள். பிரசவமும் அங்கேதான். கடல் கொந்தளித்ததில் படகு வரவில்லை. பிறந்த பெண் குழந்தை மறுநாள் வரைகூடத் தாங்கவில்லை. தோண்ட மண் இல்லாத தீவு. கல் அடுக்கித்தான் மூடினார்கள்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. நொந்து போயிருக்கிறார் என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். அவர் பேனாவும் கையுமாக உட்கார்ந்தபோது, வாயால் வராதது எழுத்திலாவது வந்துவிடாதா என்று ஆசைப்பட்டிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பத்திரிகையை அவர் முன்னால் போட்டாள்.

"அலையும் காத்தும் மட்டும்னு எழுதியிருக்கீங்களே, அப்ப நான் யாரு?"

அவர் மழுப்பினார். கவிதை என்றால் அப்படித்தான், இன்னொரு ஆள் வந்துவிட்டால் தனிமை எப்படி நிற்கும் என்றார்.

"என்னை விடுங்க. அவ?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவளைப் பத்தி எழுதத்தான் உக்காந்தேன். ஒரு பேருகூட இல்லாத பிள்ளை. என்னன்னு எழுதுவேன்?"

"பேர் இருக்கு. மூடுறதுக்கு முன்னாடி நான் வச்சேன். நீங்கதான் இத்தனை வருஷமா கேக்கவே இல்ல."

என்ன பேர் என்று அப்போதுதான் அவர் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகக் காத்திருந்தே கிழவியானவளுக்கு, அழுகையில் பேச்சு வரவில்லை.