ஆறாவது கயிறு

உயரமான கட்டடங்களின் வெளிக் கண்ணாடியைத் துடைக்கும் ஆறு பேருக்கு அவர் மேஸ்திரி. கட்டடம் எத்தனை மாடி என்று கேட்காதீர்கள்; நாற்பது என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது, உண்மை இருபத்திரண்டு. காக்கைகூட நடுவில் இரண்டு தரம் உட்கார்ந்து மூச்சு வாங்கித்தான் உச்சிக்கு வரும்.

"மேஸ்திரி உடம்புல ஓடுறது ரத்தமில்ல, சிமெண்டு" என்பார்கள் ஆட்கள். அவரும் மீசையைத் தடவிக்கொள்வார். மூன்று வருஷமாக உயரத்தைப் பார்த்தாலே அவருக்குப் பயம். மனைவியிடம் சொன்னால் அவள் தூக்கம் போச்சு. ஆட்களிடம் சொன்னால் பன்னிரண்டு கால்களும் அன்றைக்கே வெலவெலத்துவிடும். அதனால் காலையில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பயந்து முடித்துவிட்டு, தலை வாரிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார்.

மொட்டைமாடியில் அவரவர் கயிற்றை அவரவரே இரும்பு வளையத்தில் முடிச்சிடுவார்கள். மேஸ்திரி முடிச்சை இழுத்துப் பார்ப்பார், ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார், தோளில் தட்டுவார். தட்டிவிட்டால் இறங்கலாம். கடைசியாக அவர் இறங்குவார். அவருடைய முடிச்சை யாரும் பார்ப்பதில்லை.

அன்று ஆறாவதாக நின்றவன் அவர் தங்கை புருஷன்.

"எங்க மாமியார் இன்னிக்கு எங்க வீட்டுக்கு வர்றாங்க. நான் வெளுத்துக் கிடந்தா நியாயம். உங்க முகம் ஏன் மச்சான் வெளுத்திருக்கு?"

"எங்கம்மாவைப் பத்தி எங்கிட்டயேவா? போய்யா மாப்பிள்ளை!" சிரித்தபடி அவன் தோளில் ஒரு தட்டு வைத்தார் மேஸ்திரி. அவனும் இறங்கிவிட்டான்.

தன் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுச் சட்டைப் பையில் கையை விட்டார். ஆறு பேருக்கென்று எண்ணி எடுத்துவந்த ஆறில் ஒரு சிவப்புத் துணி மிச்சம் இருந்தது.

ஆறாவது கயிற்றிடம் ஓடினார். முடிச்சு பாதிதான் விழுந்திருந்தது. கீழே அவன் அசைய அசைய, கயிற்றின் வால்நுனி புழு மாதிரி உள்ளே நழுவிக்கொண்டிருந்தது. கத்தினால் அவன் பதறுவான். பதறினால் கயிறு குலுங்கும். மேஸ்திரி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் இரண்டு கால்களையும் உதைத்து உட்கார்ந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, பக்கத்து பால்கனிக்குள்ள ஏறி நில்லு. துடைப்பான் மாத்தணும்."

"இப்பதானே இறங்கினேன்! நாற்காலி போட்டு உக்காரட்டுமா?"

"உக்காரு. ஆனா முதல்ல ஏறு."

கயிறு உள்ளங்கைத் தோலை உரித்தது. அவன் ஏறினானா, இன்னும் பேசிக்கொண்டு தொங்குகிறானா, ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு நேரமோ! ஒரு யுகம் என்றால் அதுவும் குறைவுதான். திடீரென்று கயிறு லேசானது. விழுந்துவிட்டானோ என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

படிக்கட்டு வழியாக மேலே வந்தான் மாப்பிள்ளை. "துடைப்பான் எங்க மச்சான்?"

மேஸ்திரி தன்னுடைய கயிற்றைக் காட்டினார். "என் முடிச்சைக் கொஞ்சம் பாரேன்."

"உங்க முடிச்சையா? நானா?" கடகடவென்று சிரித்தான். பிறகு அவர் கையில் ரத்தத்தைப் பார்த்தான். துணியில்லாத தன் கயிற்றைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"வேற யாருய்யா எனக்குப் பார்ப்பா?"

அவன் முடிச்சை இழுத்தான். மறுபடியும் இழுத்தான்.

"மச்சான், இது சரியாத்தான் இருக்குன்னு நீங்க தினமும் எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"தெரியாது" என்றார் மேஸ்திரி.