டேபிள் ஃபேன் பார்த்த பக்கம்

பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்திருந்த சமயம். கம்ப்யூட்டர் அறையில் இருந்த அம்மாவின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. வெளுத்த சேலை, முகமெல்லாம் வியர்வை. அங்கிருந்த ஒரே டேபிள் ஃபேனை, மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் அந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்வார்.

முன்பு அதே ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு ஓர் ஊசி ஒத்துக்கொள்ளாமல் உயிர் போய் வந்தது. அது எந்த மருந்து என்று தெரியாமல் ஆபரேஷன் செய்ய முடியாது என்றுவிட்டார் டாக்டர். புதிய கம்ப்யூட்டரில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது; மற்ற விவரமெல்லாம் பழையதில். பழையது திறப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

“புதுசுதான் வந்துடுச்சே, இத இன்னும் ஏங்க வெச்சிருக்கீங்க?”

“பழைய ஆளுங்க இன்னும் உசுரோட இருக்காங்களே சார்” என்றார், திரும்பாமலே.

மருந்தின் பெயர் கிடைத்தது. சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

“பத்திரமா வெச்சுக்குங்க. இது இன்னும் எத்தன நாளைக்கு ஓடுமோ.”

கம்ப்யூட்டரை அவர் அணைத்ததும் ஃபேனை அவர் பக்கம் திருப்பினேன்.

“வேணாங்க சார், அது சூடு ஆறணும்” என்று பழையபடியே திருப்பிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மனைவி நன்றாக இருக்கிறாள். அந்த அம்மாவுக்கு அதற்கப்புறமாவது காற்று கிடைத்ததா என்றுதான் தெரியவில்லை.