நம்மாள் வசூலும் பத்தாம் தேதியும்

டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவளுக்கு மனிதர்கள் முகமாக வருவதில்லை, ஓட்டைக்குள் நீளும் கையாகத்தான் வருவார்கள்.

"சும்மா கொஞ்ச நேரம் உட்காரு" என்று புருஷன் கடையில் உட்கார வைக்கப்பட்ட சகோதரிகளே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. இலங்கை மலைநாட்டு ஹட்டனில் எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு தியேட்டர். கவுண்டரில் இருந்தவர் கட்டாருக்குப் போனதும், சமையலறையில் இருந்த என்னைக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் முடியவில்லை. கொன்வென்ட்டில் சிஸ்டர்மார் எனக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார்கள். "பின்னால தள்ளாதீங்க" என்று கத்தச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்கள் ஊர் தலையில் வைத்துக் கொண்டாடும் ஒரு நடிகர் இருக்கிறார். பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப்பேர் என்னோடு பேசமாட்டீர்கள். 'நம்மாள்' என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு எதிரி 'அந்தாள்'. நம்மாளின் கடைசி இரண்டு படமும் விழுந்துவிட்டன. மூன்றாவதும் விழுந்தால் தியேட்டரைக் கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்துவிடுவதென்று என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். மண்டபக்காரர் டேப்போடு வந்து மேடை எங்கே, சாப்பாட்டுப் பந்தி எங்கே என்று அளந்தும் போய்விட்டார்.

முதல் காட்சி

வெள்ளிக்கிழமை காலை. பனியில் எதிர்க்கடையே தெரியவில்லை. ஓட்டோக்காரத் தம்பிகள் நம்மாளின் கட்அவுட்டுக்கு மாலை போட்டு, ஈரப் பட்டாசைப் பற்றவைக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் ரவி. ஓட்டைக்குள் கைக்குப் பதிலாகப் போனை நீட்டினான். "பாருங்கக்கா, இந்தியாவுல மொத நாள் வசூல் வந்திருச்சி. பழைய ரெக்கோட் எல்லாம் காலி."

எனக்கு எரிச்சல். "இந்தியாவுல காலைக் காட்சியே இன்னும் முடியலையேடா" என்றேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"வசூல் சொல்றதுக்குப் படம் முடியணும்னு என்னக்கா இருக்கு?"

காலி நாற்காலிக்கு ஒரு டிக்கெட்

திங்கள் வந்தது, மழையும் வந்தது, ஆள் வரவில்லை. மத்தியானம் மெட்னி ஷோவுக்குத் தலையை எண்ண விரல் போதும். அப்போது தொப்பி போட்ட ஒருவன் வந்து பால்கனி டிக்கெட் கேட்டான். அந்த மழையில் அவனைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டான். அந்தாளின் ரசிகனாம். காலி நாற்காலிகளைப் படமெடுத்து, 'நம்மாள் கதை முடிந்தது' என்று போனில் போடத்தான் உள்ளே போயிருக்கிறான்.

"போடுங்க தம்பி, தாராளமா போடுங்க. நீங்க வாங்கின டிக்கெட்டும் நம்மாள் வசூல்லதான் சேரும்" என்றேன். தொப்பியைக் கழற்றினான், கையை ஓட்டைக்குள் நீட்டினான்.

"அப்ப காசைத் திருப்பிக் குடுங்க மிஸ், நான் வாசல்ல நின்னே எடுத்துக்கிறேன்."

கொழும்பிலிருந்து ஒரு தீர்ப்பு

செவ்வாய்க்கிழமை படம் கொடுத்த விநியோகஸ்தர் கொழும்பிலிருந்து போனில் கூப்பிட்டார். "மேடம், நாலு நாள் கலெக்ஷன் இதுதானா? உங்க ஹீரோ முடிஞ்சாரு. வியாழனோட எடுத்துருங்க. வெள்ளிக்கிழமை அந்தாள் படம் தர்றேன்." பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் 'சரின்னு சொல்லு' என்று கையைக் காலை ஆட்டினார்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. மாத ஆரம்பத்தில் வெளியான படம் அது. தேயிலைத் தோட்டங்களில் பத்தாம் தேதிதான் சம்பளம். அந்தப் பத்தாம் தேதி வரப்போகிற சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறுதான் சனம் டவுனுக்கு இறங்கும், சாமான் வாங்கும், படம் பார்க்கும். கையில் காசில்லாத வாரத்தை வைத்து ஒரு மனுஷனின் முப்பது வருஷத்துக்குத் தீர்ப்பு எழுதலாமா? தமிழில் சொன்னேன், அவர் கேட்கவில்லை. சிஸ்டர்மார் தந்த இங்கிலீஷை எடுத்தேன். நான் மூச்சு விட்ட இடத்தில் அவர் மெதுவாகப் பேசினார்.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் வச்சிக்கங்க மேடம், ஒங்களுக்காக இல்ல, ஒங்க இங்கிலீஷுக்குப் பயந்து."

அந்தாள் படம் பக்கத்து ஊர் தியேட்டருக்குப் போய்விட்டது. இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் சமைத்ததை மட்டும் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை

காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு நாய்தான் நின்றது. இவர் அதைக் காட்டி, "ஒன் மொத கஸ்டமர்" என்றார். நான் சில்லறையை எண்ணி அடுக்கத் தொடங்கினேன்.

பிறகு றொசல்ல தோட்டப் பக்கத்து பஸ் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. இறங்கிய சனம் கடைத்தெருவை முடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. நல்ல சேலை, தலை நிறையப் பூ, கையில் அரிசியும் பருப்பும் கருவாடும் பிதுங்கும் பைகள். ஓட்டைக்குள் ஒரே நேரத்தில் நாலைந்து கை. சிஸ்டர்மார் சொல்லித்தராத அந்த "தள்ளாதீங்க"வை அன்றைக்கு எத்தனை தடவை கத்தினேனோ தெரியாது. புஷ்பம் என்று ஒரு கொழுந்தெடுக்கிற பெண், பக்கத்து வீடுகளோடு லயத்தையே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். "படம் சரியில்லன்னு சொல்றாங்களே, தெரியுமா?" என்று வாயை அடக்க முடியாமல் கேட்டேன்.

"நாங்க இன்னும் பாக்கவே இல்லையேம்மா, அதுக்குள்ள யாரு சொன்னா?"

டேப்போடு வந்தவர்

மாலைக் காட்சிக்கு முன்பே இடம் தீர்ந்தது. ஹவுஸ்ஃபுல் பலகையைக் காணவில்லை. தேடினால், இவர் அதைத் தண்ணீர் பீப்பாய்க்கு மூடியாகப் போட்டிருக்கிறார். ஈரத்தோடு தூக்கி வந்து மாட்டினார். மாட்டிவிட்டு இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டார். குளிர் என்றார். சரி, குளிர் என்றே இருக்கட்டும்.

அந்த நேரம் ஓட்டைக்குள் மோதிரம் போட்ட ஒரு கை. குனிந்து பார்த்தால் மண்டபக்காரர், பக்கத்தில் அவர் சம்சாரம். பந்தி போடும் விஷயமாக வந்தீர்களா என்று கேட்டேன். அவர் வெட்கப்பட்டார். அந்த அம்மா அவரை இடித்தாள். டிக்கெட் தீர்ந்துவிட்டது என்றேன். பலகையைப் பார்த்தார், சம்சாரத்தைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"மண்டபத்த மறந்துருவோம் மேடம், ரெண்டு பேரு நின்னுகிட்டே பாக்க விடுவீங்களா?"

ஒரு நடிகர் எழுந்துவிட்டாரா விழுந்துவிட்டாரா என்று இனி யார் என்னிடம் கேட்டாலும், இன்றைக்கு என்ன தேதி என்றுதான் முதலில் கேட்பேன்.