நவம்பர் முப்பத்தொன்றாம் தேதி

1. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை

1991 ஜூன் மாதம் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் மையத்துக்குப் பெயர்ப் பலகைகூட இல்லை. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இரண்டு அறைகள். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். கையில் சிறப்புக் கல்வி டிப்ளமோ, வயது இருபத்து மூன்று. வாய் மட்டும் ஓய்வுபெறப் போகிற ஹெட்மிஸ்ட்ரஸ் வாய்.

முதல் நாள் வந்த ஓர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க ஊசி போடுவாங்களா, மாத்திர குடுப்பாங்களா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். "அப்ப இன்னாதான் பண்ணுவீங்க?" என்றார். நியாயமான கேள்வி. கற்றல் குறைபாடு என்ற பேச்சே அப்போது அந்தப் பக்கம் கிடையாது. நன்றாகப் பேசும், கடைக்குப் போய்ச் சாமான் ஒன்று விடாமல் வாங்கி வரும் பிள்ளை, எழுத்தைக் கண்டால் மட்டும் திணறினால் ஊரார் இரண்டே பெயர்தான் வைத்திருந்தார்கள். மக்கு, இல்லாவிட்டால் திமிர்.

நான் பெருமைப்பட்ட ஒரு பொருள் எங்களிடம் இருந்தது. அதற்குப் பெற்றோர் பெட்டி என்று பெயர் வைத்திருந்தோம். பெரிய பிஸ்கட் டின். உள்ளே உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகள், ரவையைப் பரப்பி விரலால் எழுத ஒரு தட்டு, படச் சீட்டுகள், ஒரு பை புளியங்கொட்டை. மொத்தம் நான்கு பெட்டிகள். வீட்டுக்கு இரவல் கொடுப்போம். கூடவே மாதம் ஒரு தாள். வீட்டில் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் அன்றைய தேதிக் கட்டத்தில் டிக் போட வேண்டும். ஒரே ஸ்டென்சிலில் உருட்டிய தாள் என்பதால் எல்லா மாதத்துக்கும் முப்பத்தொரு கட்டங்கள்.

பெற்றோர் கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு. பிள்ளையை ஒருமுறை சோதித்துப் பார்த்த பிறகு சில மாதங்களுக்குப் பெற்றோர் மட்டும் வந்தால் போதும் என்று சட்டம் போட்டிருந்தேன். அறை சிறியது என்பது காரணம். அந்தச் சட்டத்தால் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

2. எடுத்துக்காட்டுத் தகப்பனார்

ஏழுமலை, வண்டி இன்ஜினில் எண்ணெய் கசியாமல் இடுக்கில் வைக்கும் கார்க் பேக்கிங் வெட்டும் ஒரு சின்ன கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். ஊர் வடக்குப்பட்டுப் பக்கம். செப்டம்பரில் மகள் செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் ஐந்தாம் வகுப்பில் இரண்டாவது வருஷம் உட்கார்ந்திருந்தாள். ப, ம, ய மூன்றும் அவளுக்கு ஒரே எழுத்து. நான் கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை, விரலால் தொட்டுத்தான் காட்டினாள்.

"ஹெட்மாஸ்டர் கடசியா ஒரு தபா பாக்கறேன்னிருக்காரு டீச்சர். முழுப் பரீட்சைக்கு முன்னாடி அவர் எதுருல ஒரு பக்கம் படிச்சிக் காட்டணும். இல்லாட்டி வூட்டோட வச்சிக்கோன்னுட்டாரு" என்றார் ஏழுமலை. "நிக்க வச்சிட்டா அவ்ளோதான். அவ மாமன் இப்பவே ஆடு மேய்க்க அனுப்புன்றான்."

பெட்டியைக் கொடுத்தேன். அக்டோபர் தாள் முழுக்க டிக்கோடு திரும்பி வந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே சாய்வு. மற்ற பெற்றோர் தாள்களில் பாதிக் கட்டங்கள் காலி. நான் ஏழுமலையின் தாளைத் தூக்கிக் காட்டி, "இவரைப் பார்த்துக் கத்துக்குங்க" என்றேன். அவர் கூச்சத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டிசம்பர் கூட்டத்தில் நவம்பர் தாளைக் கொடுத்தார். அதுவும் முழுக்க டிக். முப்பத்தொன்றாம் கட்டத்திலும் ஒரு டிக்.

"ஏழுமலை, நவம்பருக்கு ஏது முப்பத்தொண்ணு?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். ஒளிக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. "ஒண்ணாந் தேதியே எல்லாத்தையும் போட்டுட்டேன் டீச்சர். கம்பெனில அப்டித்தான். ஷிஃப்ட்டு ஏறுனதும் மொதல்ல செக் ஷீட்டுல டிக் அடிச்சிடுவோம். அப்பாலதான் மெஷின ஆன் பண்ணுவோம்."

எனக்குத் தலைக்கு மேல் கோபம். போன மாதம் இவரையல்லவா எல்லோருக்கும் காட்டினேன். எட்டுப் பெற்றோர் உட்கார்ந்திருக்க, "உங்க பொண்ணு என்ன பிரஸ் மெஷினா? பொய்க் கணக்கு எழுதறதுக்கா இவ்வளவு தூரம் வரீங்க?" என்று கேட்டுவிட்டேன். ஓர் அம்மா சிரித்துவிட்டார். ஏழுமலை தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஜனவரி கூட்டத்துக்கு அவர் வரவில்லை. பெட்டியும் வரவில்லை.

3. பெட்டி தேடிப் போன கதை

பொங்கல் கழிந்ததும் பெட்டியை வாங்கி வரப் புறப்பட்டேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் போனது பெட்டிக்குத்தான்.

ஏழுமலை டியூட்டிக்குப் போயிருந்தார். அவர் மனைவி ராணி அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "வாங்க" என்று சொல்லாமலே பாயை விரித்தார். "பொட்டிக்கா வந்தீங்க? அதோ கீது பாருங்க" என்று சாமி படங்கள் இருந்த பலகையைக் காட்டினார். பிஸ்கட் டின் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கயிறு கட்டி, முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"பிரிக்கவே இல்லியா?" என்றேன்.

"மூடி மேல 'பத்திரம்'னு எழுதிக் குடுத்தது நீங்கதான? எரவல் சாமான், கொழந்த கையில குடுத்தா எழுத்து பிஞ்சிடும்னு அவரு தொடவே வுடல. பதிலுக்கு அவரே பண்ணிட்டாரு." ராணி உள்ளே திரும்பி, "செல்வி, உன் எழுத்துங்கள எட்தா" என்றார்.

செல்வி ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்து கொட்டினாள். கம்பெனியில் கழித்துப் போட்ட கார்க் ஷீட்டில் வெட்டிய எழுத்துகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. அவற்றோடு எழுத்தின் வடிவத்திலேயே பள்ளம் வெட்டிய பெரிய பலகைகள். சூப்பர்வைசரிடம் சொல்லி, கேட் பாஸ் போட்டு, ஒவ்வொரு வாரமும் நாலு எழுத்தாகக் கொண்டுவந்திருக்கிறார்.

செல்வி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓர் எழுத்தை எடுத்தாள். விரலால் ஓரத்தைத் தடவினாள். ஒரு பள்ளத்தில் வைத்து அமுக்கினாள். உட்காரவில்லை.

"நோகோ" என்றாள். பக்கத்துப் பள்ளத்தில் வைத்தாள். சொத்தென்று விழுந்தது. "கோ. இது ம."

கம்பெனியில் வெட்டிய பேக்கிங் அளவு சரியா என்று பார்க்க ஒரு கேஜ் வைத்திருப்பார்கள். உள்ளே போனால் 'கோ', போகாவிட்டால் 'நோகோ'. தகப்பன் தினமும் பார்க்கும் சோதனையை மகள் எழுத்துகளுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிப்ளமோவில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

"தெனமும் பண்றீங்களா?" என்று ராணியைக் கேட்டேன்.

"செகண்டு ஷிஃப்ட்டுன்னா விடிகால அஞ்சரைக்கு எழுப்பி உக்கார வைப்பாரு. ஜொரத்துல கெடந்த அன்னிக்கிகூட வுடல. சொன்னேன், இன்னாத்துக்குய்யா ஒண்ணாந் தேதியே டிக் போட்றேன்னு. 'டிக் போட்டுட்டா செஞ்சிதான ஆவணும்'ன்னாரு."

எங்கள் தாளில் டிக் என்றால் செய்து முடித்தது. அவர் தாளில் டிக் என்றால் செய்கிறேன் என்று கொடுத்த வாக்கு. முப்பத்தொன்றாம் தேதிக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அந்த மனுஷனைத்தான் நான் எட்டுப் பேர் முன்னால் பொய்க் கணக்கு எழுதுகிறவர் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ராணி ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டு, "சரி வுடுங்க, அவரும் சொல்லிட்டுப் போட்டிருக்கலாம்" என்றார்.

பிப்ரவரி கூட்டத்துக்கு ஏழுமலையை வரச் சொல்லிக் கெஞ்சினேன். அதே எட்டுப் பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுபடியும் செருப்பையே பார்த்துக்கொண்டு, "வுடுங்க டீச்சர், இன்னா இப்ப" என்றார். அன்றைக்குச் சிரித்த அம்மாவே அவரிடம் போய், தன் பையனுக்கும் 'ற'வும் 'ர'வும் வெட்டித் தர முடியுமா என்று கேட்டார்.

4. ஒரு பக்கம்

மார்ச்சில் ஒரு நாள் மதியத்துக்குச் சற்று முன்பு ஹெட்மாஸ்டர் செல்வியைக் கூப்பிட்டார். ஏழுமலை ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு கம்பெனி உடுப்போடு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். நான் உள்ளே ஒரு ஸ்டூலில் இருந்தேன்.

ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை. அறுபது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து மேய்க்கிறவர். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார். செல்வி விரலை வைத்து ஆரம்பித்தாள். முதல் வரிக்கே வெகு நேரம். இரண்டாம் வரியில் ஒரு சொல்லில் நின்றாள். அவள் விரல் அந்தச் சொல்லின் எழுத்துகளை மேசைமேல் ஒவ்வொன்றாக வரைந்தது. ஹெட்மாஸ்டர் பொறுமையிழந்து அந்தச் சொல்லைச் சொல்ல வாயெடுத்தார்.

"சொல்லாதீங்க சார். நானே படிக்கிறேன்."

இரண்டு வருஷமாக அந்தப் பெண்ணின் குரலையே கேட்டதில்லை என்று என்னிடம் சொன்னவர் அவர். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பாதிப் பக்கம் தாண்டவில்லை, சத்துணவு ஆயா வாசலுக்கு வந்து, மணி அடிக்கட்டுமா என்று கேட்டார். வெளியே பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இரும்மா. அது முடிக்கட்டும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

பள்ளிக்கூடமே பசியோடு காத்திருந்தது. செல்வி யாரையும் பார்க்கவில்லை. மூன்று சொற்களைத் தப்பாகப் படித்தாள், இரண்டைத் தானே திரும்பிப் போய்த் திருத்தினாள். கடைசி வரியின் புள்ளியில் விரலை வைத்து நிமிர்ந்தாள். ஜன்னல் பக்கம் நான் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

"ஆறாவதுக்குப் பேர் அனுப்பறேன்" என்ற ஹெட்மாஸ்டர், செல்வியிடம், "போ, நீயே போய் மணியடி" என்றார்.

இந்த வேலைக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வீட்டுக்கு எதையாவது கொடுக்கும் முன், அந்த வீட்டில் ஏற்கெனவே என்ன நடக்கிறது என்று போய்ப் பாருங்கள். வாசிக்கச் சொல்லித் தருவதோடு நம் வேலை முடிவதில்லை. அவள் வாசித்து முடிக்கும்வரை மற்றவர்களைக் காத்திருக்க வைப்பதும் நம் வேலைதான்.

சாப்பாட்டு மணிக்கு நாலு அடி போதும். அன்றைக்கு ஆயா போய்க் கையைப் பிடிக்கும்வரை செல்வி நிறுத்தவில்லை.