அம்மா சொன்ன பெயர்

என் நெற்றியில் விழுந்த அந்த மூச்சு இளஞ்சூடாக இருந்தது. அதில் வெற்றிலை வாசமும் கொஞ்சம் அத்தர் வாசமும் கலந்திருந்தன. கோரிப்பாளையம் தர்காவில் அந்திநேரத் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள், வாசலில் பிள்ளையோடு நிற்கும் தாய்மார்களைக் கண்டால் நின்று, ஓதி, பிள்ளையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். எந்தச் சாமி கும்பிடுகிறவர்கள் என்று யாரும் கேட்டதில்லை. "பயந்த கோளாறு"க்கு அதுதான் வைத்தியம்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். வெளியாட்கள் முன்னால் வாய் திறக்க மாட்டேன். மறுநாள் காலையில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர வரச் சொல்லியிருந்தார்கள். தலைமை ஆசிரியர் கேட்பதற்கு நானே பதில் சொன்னால்தான் இடம். செல்லூரில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அன்று வேலை ஓடவில்லை. "ஏத்தா, ஒம் மவன் வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கான்?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டதும், ராட்டையை அப்படியே போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வெள்ளைக்காரன் கட்டிய ஏ.வி. பாலத்தின் மேல் வெயிலோடு நடந்து, முதலில் கீழவாசல் மாதா கோவிலுக்குப் போனோம். அதன் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மெழுகுவர்த்தி விற்றவர், "ராசா பேரு என்ன?" என்றார். நான் எச்சில் விழுங்குவதற்குள், "முருகேசங்க. நல்லாப் படிப்பான், வாய்தான் வராது" என்றாள் அம்மா.

திரும்பும் வழியில் தர்கா வாசலில் நின்றோம். ஊதிவிட்ட பெரியவரும் அதையே கேட்டார். அம்மாவும் அதையே சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

"தாயி, நான் தம்பிட்டதான கேட்டேன்? அவனுக்கும் கொஞ்சம் எடம் விடு."

"விட்டா மட்டும் எங்கங்க சொல்றான்?"

வீடு வரும்வரை என் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். சரியாகத்தான் வந்தது.

மறுநாள் தலைமை ஆசிரியர் பெயரைக் கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் எழுத்து உதடு வரை வந்துவிட்டது. "முருகேசங்கய்யா" என்றாள் அம்மா. என்னைப் பார்த்துத் தெருப் பெயரைக் கேட்டார். அதையும் அவளே சொன்னாள். அவர் பேனாவை மூடினார். "வாயே தொறக்காத புள்ளைய வச்சு நான் என்னம்மா செய்ய? அடுத்த வருசம் பாப்போம்."

அடுத்த வருஷம் நான் தறிக்கூடத்தில் இருந்தேன். அந்த இரைச்சலில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அம்மாவின் மேல் பல வருஷம் கோபப்பட்டு, அதுவும் அலுத்துப்போய்விட்டது.

இப்போது அம்மாவுக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய், எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஆட்டோவில் அதே தர்கா வாசலுக்குக் கூட்டிப்போனேன். பாலத்தில் நின்று ஆற்றைப் பார்க்க இடமில்லை. பார்க்கத் தண்ணீரும் இல்லை. அந்தப் பெரியவரும் இல்லை. தொழுதுவிட்டு வந்த ஒரு பையன் குனிந்து அம்மாவின் முகத்தில் ஊதிவிட்டு, "அம்மா பேரு என்னண்ணே?" என்று என்னிடம் கேட்டான். எனக்கு வாய்வரை வந்தது.

"அவகளே சொல்லுவாக தம்பி. செத்த பொறு."

அவன் பொறுத்தான். ஆட்டோக்காரர் இரண்டு தரம் ஆரன் அடித்தார். அம்மாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணி அசைந்தது.

"முரு..."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அது அவள் பெயர் இல்லை என்று நான் சொல்லவில்லை.